நாவேந்தர் சிசரோ

பேச்சாளரைப் புகழவேண்டுமானால், கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் தேடி எடுக்கும் பெயர் சிசரோ! பெயரை அறிந்த தோழர்கள், அந்தப் பேச்சு எதற்குப் பயன்பட்டது என்பதையும் அறியவேண்டாமா?

கி.மு. 106-ல், அர்ப்பினம் என்ற சிற்றூரில் பிறந்தவர். வசதியுள்ள குடும்பந்தான். ஆனால் ரோம் நாட்டை ஆண்டுவந்த பரம்பரைப் பிரபுக்களின் குடும்பமல்ல. புதிய ஆள் என்று பிரபுக்கள் இளக்காரம் பேசினர். படையில்லை, பட்டயமில்லை, நாக்கு ஒன்று இருந்தது.

சிசிலித் தீவுக்குக் கவர்னராகப் போன வெர்ரஸ், கி.மு. 73 முதல் மூன்றாண்டுக் காலம் கொள்ளையோ கொள்ளை என்று கொள்ளையடித்தான். உழவரின் தானியம் போயிற்று, கோயில்களின் சிலைகள் போயின. ரோமக் குடிமகன் ஒருவனையே சிலுவையில் அறைந்தான் என்றும் குற்றச்சாட்டு. தீவின் மக்கள் சிசரோவிடம் முறையிட்டனர். வெர்ரஸ் பக்கமோ ஹார்ட்டென்சியஸ்! அன்றைய ரோமின் முதல் வழக்கறிஞர். அடுத்த ஆண்டுக்குக் கான்சல் பதவிக்குத் தேர்வானவர். வழக்கைப் புத்தாண்டு வரை இழுத்தால் தப்பிவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

சான்று திரட்டச் சிசரோ பெற்ற தவணை 110 நாள். 50 நாளில் தீவைச் சுற்றி, கணக்கேடுகளோடும் சாட்சிகளோடும் திரும்பிவிட்டார். கி.மு. 70-ல் வழக்கு மன்றம் ஏறியதும் என்ன செய்தார் தெரியுமா? நீண்ட சொற்பொழிவையே கைவிட்டார்! சுருக்கமாகப் பேசி, சாட்சிகளை வரிசையாக நிறுத்தினார். தீர்ப்பளிக்க அமர்ந்திருந்தவர்கள் வெர்ரஸைப் போன்ற செனட்டர்களே. ஆனால் ஊரே திரண்டு கேட்டுக்கொண்டிருக்க, எப்படி அவனைக் காப்பாற்றுவது? தீர்ப்புக்கு முன்பே வெர்ரஸ் ஓட்டம் பிடித்தான். பேசத் தெரிந்தவர் பேச்சை அடக்கிக்கொண்ட அந்த நாளைத்தான் சிசரோவின் பொன்னாள் என்போம் நாம்.

கி.மு. 63-ல் சிசரோவே கான்சல். ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கேட்டிலைனைச் செனட் சபையில் நேருக்கு நேர் நின்று அம்பலப்படுத்தினார். அவன் நகரைவிட்டே வெளியேறினான். அதுவரை சரி. பிறகு, அவன் கூட்டாளிகள் ஐவர் பிடிபட்டனர். மக்களின் ஒப்புதலின்றிக் குடிமகனைக் கொல்லலாகாது என்று, அறுபதாண்டுகட்கு முன்பே காயஸ் கிராக்கஸ் கொண்டுவந்த சட்டம் இருந்தது. காவலில் வைப்போம் என்றார் சீசர். கொல்லவேண்டும் என்று வாதாடினார் கேட்டோ; சிசரோவின் நாவும் அந்தப் பக்கமே சாய்ந்தது. டிசம்பர் 5-ல், விசாரணையின்றி, ஐவரையும் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றனர். நாட்டின் தந்தை என்று சிசரோவைப் பாராட்டினர். ஆபத்து மெய்தான், ஆனாலும் இந்தப் பாராட்டில் நாம் சேரமாட்டோம். வெர்ரஸுக்குக் கிடைத்த வழக்கு மன்றம் அந்த ஐவருக்குக் கிடைக்கவில்லையே!

கி.மு. 58-ல் அதே குற்றத்தைக் காட்டிக் குளோடியஸ் சட்டம் கொண்டுவந்தான். சிசரோ நாட்டைவிட்டு வெளியேறினார், வீடு இடிக்கப்பட்டது. மறு ஆண்டு திரும்பினார்.

கி.மு. 44-ல் சீசர் கொலையுண்டபின், படைபலத்தோடு கிளம்பினான் ஆண்டனி. பலர் வாய்மூடிக் கிடக்க, அறுபதைக் கடந்த கிழவர் எழுந்தார். ஆண்டனியைச் சாடி 14 சொற்பொழிவுகள். அவற்றில் ஒன்று எழுத்தாக மட்டுமே உலவியது. ஆண்டனிக்கு எதிராக, இளைஞன் ஆக்டேவியனை நம்பினார். அவனோ கி.மு. 43-ல் ஆண்டனியோடும் லெப்பிடஸோடும் கைகோத்தான். மூவரும் கூடிக் கொலைப் பட்டியல் தயாரித்தனர். பட்டியலில் பெயரிருந்தால் போதும், விசாரணை கிடையாது.

சிசரோவின் பெயரும் இருந்தது. டிசம்பர் 7-ல், பல்லக்கில் கடற்கரை நோக்கிச் சென்றவரை வழிமறித்து வெட்டினர். தலையையும், ஆண்டனியைச் சாடி எழுதிய கையையும் ரோமுக்குக் கொண்டுவந்து, மக்களிடம் அவர் பேசிவந்த மேடையிலேயே மாட்டிவைத்தனர்.