குர்பச்சன் சிங் சலாரியா

கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா (நவம்பர் 29, 1935 – டிசம்பர் 5, 1961) இந்தியத் தரைப்படை அதிகாரி ஆவார். ஆப்பிரிக்காவில் உள்ள கொங்கோ நாட்டில் ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப்படையில் பணியாற்றியபோது, கட்டாங்கா மாகாணத் தலைநகரான எலிசபெத்வில்லில் (இன்றைய லுபும்பாசி) நடந்த சண்டையில் உயிரிழந்தார். இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம வீர சக்கரம் இவருடைய மறைவுக்குப் பின் இவருக்கு வழங்கப்பட்டது. ஐ.நா. அமைதிப்படைப் பணியில் இவ்விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

இளமைக் காலம்

சலாரியா அன்றைய பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாபில், சக்கர்கர் அருகே உள்ள ஜம்வல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் முன்சி ராம், தன் தேவி. தந்தை முன்சி ராம் ஹாட்சன்ஸ் ஹார்ஸ் என்னும் குதிரைப்படைப் பிரிவில் பணியாற்றியவர். அவர் கூறிய படைவாழ்க்கைக் கதைகளே மகனுக்கு இராணுவத்தின் மீது நாட்டத்தை ஏற்படுத்தின. 1947 இல் நாடு பிரிக்கப்பட்டபோது குர்தாஸ்பூர் மாவட்டத்தில் சக்கர்கர் வட்டம் மட்டும் பாகிஸ்தானுக்குச் சென்றது. இதனால் குடும்பம் அம்மாவட்டத்தின் இந்தியப் பகுதியில் இருந்த ஜங்கல் என்னும் ஊரில் குடியேறியது.

பெங்களூரில் இருந்த கிங் ஜார்ஜ் இராணுவக் கல்லூரியில் சேர முயன்றபோது, மார்பளவு போதவில்லை என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டார். உடற்பயிற்சி செய்து மீண்டும் முயன்று 1946 இல் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜலந்தரில் இருந்த அதே பெயருடைய கல்லூரிக்கு மாற்றப்பட்டார். 1956 இல் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்திலும், 1957 ஜூன் 9 இல் இந்திய இராணுவக் கல்விக்கழகத்திலும் பயிற்சியை முடித்தார். முதலில் 3 ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவின் 2 ஆவது பட்டாலியனிலும், பின்னர் 1 ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவின் 3 ஆவது பட்டாலியனிலும் பணியாற்றினார்.

கொங்கோ நெருக்கடி

இவருடைய இறுதி நாளைப் புரிந்துகொள்ள, பஞ்சாபில் இருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் படை ஏன் இருந்தது என்பதை அறிவது தேவை. பெல்ஜியத்தின் குடியேற்ற நாடாக இருந்த கொங்கோ 1960 ஜூன் 30 இல் விடுதலை பெற்றது. இரு வாரங்களுக்குள், ஜூலை 11 இல், மொய்சே சோம்பே என்பவரின் தலைமையில் கட்டாங்கா மாகாணம் தனி நாடாகப் பிரிவதாக அறிவித்தது. செம்பு, கோபால்ட் ஆகிய கனிமங்கள் கொங்கோவில் மிகுதியாகக் கிடைத்த பகுதி அதுவே. ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதியும் கட்டாங்காவில் உள்ள சுரங்கம் ஒன்றில் இருந்தே சென்றது. சோம்பேக்குப் பெல்ஜியச் சுரங்க நிறுவனத்தின் ஆதரவும், வெளிநாட்டுக் கூலிப்படையினரின் துணையும் இருந்தன.

கொங்கோ அரசின் வேண்டுகோளின்படி ஐ.நா. பாதுகாப்பு அவை 1960 ஜூலை 14 இல் படை அனுப்ப முடிவு செய்தது. தற்காப்புக்காக மட்டுமே அப்படை ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்பது தொடக்க விதி. 1961 ஜனவரியில் பதவி நீக்கப்பட்ட தலைமை அமைச்சர் பாட்ரிஸ் லுமும்பா கட்டாங்காவில் கொல்லப்பட்டார். இதன் பின், உள்நாட்டுப் போரைத் தடுக்க இறுதி வழியாகப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்று பிப்ரவரி 21 இல் பாதுகாப்பு அவை தீர்மானித்தது. அதுவரை மருத்துவம் போன்ற துணைப் பிரிவுகளை மட்டுமே அனுப்பியிருந்த இந்தியா, இத்தீர்மானத்துக்குப் பின்னரே ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட 99 ஆவது காலாட்படைப் பிரிகேடை அனுப்பியது. சலாரியாவின் பட்டாலியன் இதில் ஒன்று.

ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹமாஷெல்ட், சோம்பேயுடன் பேச்சு நடத்தச் செல்லும் வழியில் செப்டம்பர் 18 இல் விமான விபத்தில் இறந்தார். நவம்பர் 24 இல் பாதுகாப்பு அவை, கூலிப்படையினரைப் பிடித்து வெளியேற்றத் தேவையான அளவு படைபலத்தைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. நான்கு நாள் கழித்து ஐ.நா. உயர் அதிகாரிகளான பிரையன் உர்க்குகார்ட், ஜார்ஜ் ஐவன் ஸ்மித் ஆகிய இருவரும் எலிசபெத்வில்லில் கடத்தப்பட்டு அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். இருவரும் உயிருடன் மீண்டனர். அதே நாட்களில் கட்டாங்கா வீரர்களிடம் சிக்கிய கூர்க்கா படைப்பிரிவின் மேஜர் அஜித் சிங்கும் அவருடைய ஓட்டுநரும் கொல்லப்பட்டனர்.

1961 டிசம்பர் 5

எலிசபெத்வில்லில் ஐ.நா. தலைமையகம் நகரத்திலும், விமானநிலையம் நகருக்கு வெளியேயும் இருந்தன. இவற்றை இணைத்த சாலையில், முக்கிய வட்டச்சந்திப்பு ஒன்றில் கட்டாங்காவின் ஆயுதப்படையான ஜென்டார்மரி சாலைத்தடை அமைத்தது. அப்பாதை மூடப்பட்டால் தலைமையகத்துக்கு உணவு, வெடிமருந்து, துணைப்படை எதுவும் வந்து சேராது. ஆகவே தடையை நீக்கும் பொறுப்பு சலாரியாவின் பட்டாலியனுக்குத் தரப்பட்டது.

திட்டம் எளிமையானது. மேஜர் கோவிந்த் சர்மாவின் தலைமையில் ஒரு கம்பெனி, மோட்டார் பீரங்கிகளின் துணையுடன் சந்திப்பை நேரடியாகத் தாக்கும். சலாரியா 16 வீரர்களுடனும், சுவீடன் படையின் இரண்டு கவச வண்டிகளுடனும் விமானநிலையப் பக்கத்தில் இருந்து வந்து, எதிரி பின்வாங்கும் வழியை அடைப்பார். அதாவது, இவருடைய குழுவின் பங்கு துணைப்பங்கு மட்டுமே.

ஆனால் சந்திப்புக்கு ஏறத்தாழ 1,500 கஜத் தொலைவில், குழுவின் வலப்புறத்தில் யாரும் அறியாதபடி பதுங்குகுழிகளில் இருந்த எதிரிகள் சுடத் தொடங்கினர். அங்கே 90 பேரும் இரண்டு கவசக் கார்களும் இருந்தன. சலாரியா பின்வாங்கியிருக்கலாம், அந்த எண்ணிக்கை வேறுபாட்டில் அதை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் இந்த 90 பேர் சந்திப்புக்குச் சென்று அங்குள்ளவர்களுடன் சேர்ந்தால் முதன்மைத் தாக்குதலே தோல்வியடையும் என்று அவர் கணித்தார். ராக்கெட் செலுத்தி கவசக் கார்கள் இரண்டையும் செயலிழக்கச் செய்தது. சலாரியா துப்பாக்கிமுனைக் கத்தி, கையெறி குண்டு, குக்ரி ஆகியவற்றுடன் தம் வீரர்களை நடத்திப் பாய்ந்தார். குக்ரி என்பது கூர்க்கா வீரர்கள் ஏந்தும் வளைந்த கத்தி. எதிரிகளில் 40 பேர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் இறந்தவர்களையும் காயமுற்றவர்களையும் விட்டு ஓடினர்.

இச்சண்டையில் சலாரியாவின் கழுத்தில் குண்டுகள் பாய்ந்தன. அவர் தொடர்ந்து போரிட்டு, பெருமளவு குருதி இழந்து சரிந்து, உயிரிழந்தார். தமது 26 ஆவது பிறந்தநாளைக் கடந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. சந்திப்பில் நடந்த தாக்குதல் வெற்றி பெற்றது; தலைமையகம் சுற்றிவளைக்கப்படவில்லை.

பின்விளைவுகள்

அமைதிக்காக அனுப்பப்பட்ட படை போரிடலாமா என்ற கேள்வி அந்த டிசம்பரில் உலகெங்கும் எழுந்தது. பிரித்தானியாவும் பெல்ஜியமும் ஐ.நா. நடவடிக்கையைக் கண்டித்தன. ஐ.நா. படையின் குண்டுகள் மருத்துவமனை உள்ளிட்ட பொதுமக்கள் கட்டடங்களிலும் விழுந்தன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மறுபுறம், பாதை மூடப்பட்டிருந்தால் நகரில் இருந்த ஐ.நா. பணியாளர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். டிசம்பர் 21 இல் சோம்பே கிட்டோனா உடன்படிக்கையில் கொங்கோவின் ஒருமைப்பாட்டை ஏற்றுக்கொண்டார். எனினும் சொன்னபடி நடக்கவில்லை. கட்டாங்காவின் பிரிவினை 1963 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. ஐ.நா. படை 1964 ஜூன் 30 இல் நாட்டை விட்டு வெளியேறியது.

விருதும் நினைவும்

1962 ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் சலாரியாவுக்குப் பரம வீர சக்கரம் அறிவிக்கப்பட்டது. இவ்விருதைப் பெற்ற ஆறாவது வீரர் இவர். இவருக்கு முன் பெற்ற ஐவரும் 1947–48 காஷ்மீர்ப் போரில் பங்கு கொண்டவர்கள். தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் பயின்று இவ்விருதைப் பெற்ற முதல்வரும் இவரே.

1980களில் இந்தியக் கப்பல் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம வீர சக்கரம் பெற்றவர்களின் பெயர்களைச் சூட்டியபோது, அவற்றுள் ஒன்று இவர் பெயரைப் பெற்றது. 2023 ஜனவரி 23 இல் அந்தமான் நிக்கோபாரில் பெயரற்றிருந்த 21 தீவுகளுக்கு இவ்விருதாளர்களின் பெயர்கள் இடப்பட்டன. ஒரு தீவு சலாரியாவின் பெயரைத் தாங்குகிறது.