தலைகீழாகத் தொங்கிய தேவாலயம்



ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, மேலே செல்ல வழி தெரியாமல் நீங்கள் திகைத்து நின்றதுண்டா? சட்டைக்குத் துணி வெட்ட அமர்ந்த தாயும், மரத்தை எடுத்து வைத்த தச்சனும், கட்டுரைக்குத் தாள் விரித்த மாணவனும் இந்தத் தவிப்பை அறிவார்கள். கைகள் ஆயத்தமாய் இருக்கும். மனமோ அசைய மறுக்கும். அத்தகைய முட்டுக்கட்டையைப் பத்து ஆண்டுப் பொறுமையால் வென்ற ஒரு கலைஞரின் வாழ்க்கையைச் சற்று நோக்குவோம்.

அவர்தான் அந்தோனி கௌடி. ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியாப் பகுதியில் 1852ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் பிறந்தார். தந்தையார் செப்புப் பாத்திரம் செய்யும் கன்னார். தட்டையான தகடு சுத்தியலின் அடியில் வளைந்து பாத்திரமாவதைச் சிறுவன் அருகிருந்து பார்த்து வளர்ந்தான். வாத நோய் காரணமாக மற்றப் பிள்ளைகளைப் போல் ஓடியாட இயலவில்லை. ஆகவே செடியையும் மரக்கிளையையும் உற்றுப் பார்ப்பதே அவனுக்குப் பொழுதுபோக்காயிற்று. நோய் தந்த ஓய்வே அவனுக்கு முதற் பள்ளிக்கூடம் எனலாம்.

1878இல் பார்சலோனா நகரில் கட்டடக் கலைஞராகப் பட்டம் பெற்றார். 1883இல், தமது 31ஆவது வயதில், அந்நகரின் திருக்குடும்பத் தேவாலயத்தைக் கட்டும் பொறுப்பை ஏற்றார். 1882ஆம் ஆண்டு புனித சூசையப்பர் திருநாளன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஆலயம் அது.

1898இல் மற்றொரு பணி அவரிடம் வந்தது. யூசெபி குவெல் என்ற நெசவாலை அதிபர், தம் தொழிலாளர் குடியிருப்புக்கு ஒரு தேவாலயம் வேண்டுமென்று கேட்டார். பழைய கோதிக் தேவாலயங்களைப் பார்த்து ஒரு படம் கீறிக் கொடுப்பது கௌடிக்கு எளிது. ஆனால் அந்த ஆலயங்களின் உயர்ந்த சுவர்களை வெளியிலிருந்து முட்டுச் சுவர்கள் தாங்கி நிற்பது அவர் மனதுக்கு ஒப்பவில்லை. அவர் கண்ணுக்கு அவை ஊன்றுகோல்களாகவே தோன்றின. ஊன்றுகோல் இல்லாமல், மரம் நிற்பதுபோல் தானாக நிற்கும் ஆலயம் வேண்டும். அதற்குத் தூண்கள் எந்தச் சரிவில் நிற்க வேண்டும்? வளைவுகள் எப்படி வளைய வேண்டும்? தாளில் கீறியும் கணக்குப் போட்டும் எளிதில் விடை காணக்கூடிய கேள்விகளல்ல இவை.

அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? பென்சிலை விட்டு நூலை எடுத்தார். இரண்டு கைகளிலும் ஒரு சங்கிலியின் நுனிகளைப் பிடித்துப் பாருங்கள். அது தானாக ஓர் அழகிய வளைவாகத் தொங்கும். அந்த வளைவை அப்படியே தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால், பாரம் முழுவதும் கல்லை அழுத்தும், இழுக்காது. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இந்த விதியை றொபேட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி முன்னரே கண்டறிந்திருந்தார். கௌடி அதைக்கொண்டு ஒரு முழு ஆலயத்தையே வடிவமைக்கத் துணிந்தார்.

கட்டட நிலத்தின் அருகே ஒரு கொட்டிலில், கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான நூல்களைத் தொங்கவிட்டார். ஈயச் சன்னங்கள் நிரப்பிய சிறு பைகளை அவற்றிற் கட்டினார்கள். ஆலயத்தின் பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி அமைந்தது. பாரமோ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, ஒரு தொன் கல்லுக்கு 100 கிராம் சன்னம். ஒரு பையை மாற்றினால் எல்லா நூல்களும் அசையும்; மறுபடியும் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பின்னர் அதைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அங்கே ஆலயம் நிமிர்ந்து நின்றது!

இப்படிப் பத்து ஆண்டுகள் சென்றன. இடையில் வேறு கட்டடங்களையும் அவர் கட்டினார். ஆனால் இந்த நூல்களைக் கைவிடவில்லை. குவெலும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். 1908இல் வேலை தொடங்கியது. நெசவுத் தறியின் பழைய ஊசிகள்கூட யன்னல் கம்பிகளாயின. ஆனால் 1914இல் பணம் நின்றது. நிலவறை ஆலயம் மட்டுமே கட்டி முடிந்தது. மேலே எழவேண்டிய ஆலயம் எழவேயில்லை.

பத்து ஆண்டுகளும் வீண் என்று எண்ணுகிறீர்களா? இல்லை. அங்கே கற்றதையெல்லாம் அவர் திருக்குடும்பத் தேவாலயத்துக்குக் கொண்டு சென்றார். இன்று அதனுள்ளே நுழைபவர், கிளைவிட்டு நிற்கும் கல் மரங்களின் நடுவே நிற்பதாக உணர்கிறார். 1936இல் கலவரக்காரர் அவருடைய வரைபடங்களை எரித்து, மாதிரிகளை உடைத்தனர். பின்வந்தோர் உடைந்த துண்டுகளைப் பொருத்தி வேலையைத் தொடர்ந்தார்கள். 2010ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் அவ்வாலயத்தை அபிஷேகம் செய்தார்.

கௌடி அதைக் காணவில்லை. 1926ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், வழக்கம்போல் செபிக்கக் கோவிலுக்கு நடந்து செல்கையில் ட்ராம் வண்டி அவரை மோதியது. எளிய உடையைக் கண்டவர்கள் யாரோ பிச்சைக்காரர் என்று எண்ணினார்கள். ஏழைகளின் வைத்தியசாலையில் மூன்றாம் நாள் உயிர் நீத்தார். வயது 73. அப்போது அவருடைய ஆலயத்தில் முற்றாக முடிந்திருந்த மணிக்கோபுரம் ஒன்றே. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை படத்தையோ கணக்கையோ முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தால், உடனே சோம்பல் என்று ஏசாதீர்கள். தாளில் வராதது கைவேலையில் வரலாம். இன்று வராதது நாளை வரலாம். நீங்களும் வேலையில் முட்டுப்பட்டு நிற்கும்போது, புதிதாக ஒன்றை வலிந்து படைக்க முயலாமல், படைத்தவர் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒழுங்கைப் பொறுமையோடு தேடுங்கள். நூலைத் தொங்கவிடுவது மட்டுமே கௌடியின் வேலையாயிருந்தது. அதை வளைத்தது இறைவன் வகுத்த விதி.