சிற்றூர் தந்த செல்வர் வீரமாமுனிவர்



இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா என்னும் நகருக்கு அருகே, காஸ்திலியோனே என்றொரு சிற்றூர் உண்டு. வெளியூரில் நம்மவர்கள், மங்கலம்பேட்டை என்றால் தெரியாதவர்களிடம் விருத்தாசலத்திற்குப் பக்கம் என்று சொல்வதில்லையா? அவ்வூராரும் அப்படி மாந்துவாவின் பெயரைச் சொல்லியே தம் ஊரை விளக்க வேண்டியிருந்திருக்கும். ஆயினும் அச்சிற்றூர் திருச்சபைக்கு இரு பெருஞ்செல்வங்களை வழங்கியது.

முதலாமவர் புனித ஞானப்பிரகாசியார். 1568-ல் அங்கே பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர்; அனைத்தையும் துறந்து சேசு சபையில் சேர்ந்தார். உரோமையில் கொள்ளைநோயாளருக்குப் பணிவிடை புரிந்து, 1591-ல், 23 வயதில் உயிர் நீத்தார்.

மற்றவர் நம் வட்டாரத்திற்கே உரியவரான வீரமாமுனிவர். 1680 நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த அவருடைய இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. 1698-ல் சேசு சபையில் சேர்ந்து, 1709-ல் குருப்பட்டம் பெற்று, 1710-ல் கோவா வந்திறங்கினார். அடுத்த ஆண்டில் மதுரை மிஷனை அடைந்தார். முப்பது வயதைக் கடந்த பின்னரே தமிழின் அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். நம் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்த மொழியை அவர் உழைத்துப் பெற்றார் என்பதை மறக்கலாகாது.

அவர் கால் பதித்த இடங்களுள் ஒன்று நம் அண்டை ஊரான கோணான்குப்பம். அங்கே அவர் எழுப்பிய ஆலயத்தில் அன்னை மரியாள் சேலை உடுத்தி, திருக்குழந்தையைக் கையிலேந்தி, பெரியநாயகியாகக் காட்சி தருகிறாள். அந்நியத் தோற்றத்தில் வந்த அன்னையை நம் குடியானவப் பெண்கள் தூரத்தில் நின்று வணங்கியிருப்பார்கள். சேலை கட்டிய தாயிடமோ தம் குறைகளை வாய்விட்டுச் சொன்னார்கள். அவர் மறைபரப்பிய முறை இதுவே.

புனித சூசையப்பரின் வரலாற்றை 3615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியமாக 1726-ல் நிறைவேற்றினார். கோணான்குப்பத்தில் இருந்தே அதை இயற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார். எகர, ஒகரக் குறிலையும் நெடிலையும் வரிவடிவிலேயே வேறுபடுத்தினார். நம் பிள்ளைகள் இன்று மேலே சுழித்து எழுதும் ஏகாரக் கொம்பு அவர் விட்டுச் சென்ற சொத்து.

1747-ல் கேரள நாட்டு அம்பலக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

அன்புக்குரியவர்களே! வேலை தேடியும் படிப்பை நாடியும் நம் இளைஞர்கள் நகரங்களுக்குச் செல்கிறார்கள், செல்லட்டும். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுவதும், தமிழில் செபிக்கத் தெரியாததைப் பெருமையாகக் கொள்வதும் நமக்குத் தகுமா? பேரூர்களை விட்டு வந்த ஒரு பேரறிஞர் நம் கம்புக் கொல்லைகளுக்கு நடுவே அமர்ந்து நம் மொழியில் இறைவனைப் பாடினார். அந்தப் பாடலைப் படிக்க நம் வீடுகளில் ஆளில்லாமல் போகக்கூடாது.

ஒவ்வொரு குடும்பமும் பிள்ளைகளுடன் கோணான்குப்பம் சென்று வரட்டும். தேம்பாவணியில் பத்துப் பாடல்களையாவது அவர்கள் பொருள் உணர்ந்து படிக்கட்டும். பெரியநாயகி அன்னை நம் பங்கை என்றும் காப்பாளாக!