அண்ணலின் முதல் பருவம்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்ட நூலைக் கையில் ஏந்திய சிலையாகவே கண்டு பழகிவிட்டோம். அச்சிலைக்கு இருபத்திரண்டு வயது இளைஞரின் முகம் இல்லை. அன்னூர் வட்டாரத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மேற்படிப்பிற்கெனக் கோவைக்கும் சென்னைக்கும் பெட்டி கட்டும் நம் பிள்ளைகள் காண வேண்டியது அந்த இளைஞரின் முகத்தைத்தான். ஆகவே, 1913-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்பட்டப்படிப்பு மாணவராக அவர் சேர்ந்த நாள்களைப் பற்றியே இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். வடமொழி படிக்கும் விருப்பம் பள்ளியிலேயே மறுக்கப்பட்டமையால் பாரசீகத்தை எடுத்துப் படித்தவர் அவர். பெண்மக்களின் நகைகளை வாங்கி அடகு வைத்தேனும் மகனுக்கு நூல் வாங்கித் தந்த தந்தையார் இராம்ஜி, 1913 பிப்ரவரி 2-இல் காலமானார். வீட்டில் மனைவி இரமாபாயும் கைக்குழந்தையும் இருந்தனர். அந்நிலையில்தான் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகை கிட்டியது. மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு அத்தொகை. படிப்பு முடிந்தபின் பத்தாண்டு பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டது ஜூன் 4-ஆம் நாள். ஜூலை மூன்றாம் வாரத்தில் நியூயார்க்கில் கரையேறிவிட்டார். கையெழுத்துக்கும் கரையேறலுக்கும் இடையே ஏழு வாரங்கூட முழுமையாக இல்லை; கடற்பயணமும் அதற்குள்ளேயே அடக்கம். தந்தையை இழந்த துயரோடும், ஆயத்தத்திற்குப் போதிய அவகாசமின்றியும் போய்ச் சேர்ந்தவர் அவர் என்பதை நம் இளைஞர் மனத்தில் கொள்ளல் வேண்டும்.

முதற்சிக்கல் சோற்றுச் சிக்கலே. பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் தங்கினார். அங்கிருந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை. இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த காஸ்மாபாலிடன் கிளப்புக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில் நாவல் பதேனா என்னும் பார்சி மாணவரோடு தங்கினார். ஓர் அறையில் விளைந்த அந்நட்பு ஆயுள் முழுதும் நிலைத்தது; பிற்காலத்தில் இலண்டன் படிப்பைத் தொடரப் பணம் இல்லாதபோது கடன் கொடுத்து உதவியவர்களுள் பதேனாவும் ஒருவர். விடுதியில் அறைத்தோழன் அமைவதைச் சிறிய செய்தியாக நாம் எண்ணிவிடுகிறோம்.

இங்கே நம் கோவையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1930-இல் அண்ணலுடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசன், அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் கோவையில் பயின்றவர். தம் சாதியும் ஊரும் உறவும் உடன் படிப்போருக்குத் தெரிந்துவிடுமோ என்றஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே ஓரிடத்தில் இருந்து படித்துவிட்டு, அதன் பிறகே வகுப்பினுள் நுழைவாராம். தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவரே இதனைப் பதிந்துள்ளார். நியூயார்க்கில் அண்ணலுக்கு அவ்வச்சம் இல்லை. பொது மேசையில் உண்டார். எல்லாரோடும் ஓர் அறையில் அமர்ந்து பயின்றார். கோணிப்பையை விரித்து வகுப்பில் தனியே அமர்ந்து படித்த சிறுவனுக்கு அது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும்!

அந்த விடுதலையே சிறிது காலம் அவரைத் திசைமாற்றவும் செய்தது. முதல் சில மாதங்கள் நண்பர் கூட்டத்திலும் விளையாட்டிலும் கேளிக்கையிலும் கழிந்தன என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். இதனை மறைத்து எழுதுவோரும் உண்டு. மறைக்க வேண்டிய தேவை என்னவென்று நமக்கு விளங்கவில்லை. முதற்பருவத்தில் தடுமாறிய நம் பிள்ளை, தனக்கு மேற்படிப்பு வாய்க்காது என்று முடிவுகட்டி அடுத்த பேருந்திலேயே ஊர் திரும்பிவிடுகிறான். அண்ணல் தம்மைத்தாமே கேள்வி கேட்டுக்கொண்டார். கடல் கடந்து வந்ததன் நோக்கத்தையும் வீட்டிலிருப்போரின் நிலையையும் எண்ணிப் பார்த்து, அன்றுமுதல் நூலகமே கதியென்றிருந்தார்.

அதன்பின் அவர் படித்த அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். மூன்றாண்டுகளில் பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3 எனத் தேர்ந்து பயின்றார். தொடக்கநிலைப் பிரெஞ்சும் ஜெர்மனும் அவற்றோடு சேர்ந்தன. தேர்வுக்குப் போதுமான பாடங்களோடு நின்றவரல்லர். பொருளாதார அறிஞர் செலிக்மனின் வகுப்புகளும், தத்துவப் பேராசிரியர் ஜான் டூயியின் வகுப்புகளும் அவர் சிந்தனைக்கு உரமிட்டன. கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் 1916 மே 9 அன்று இந்தியச் சாதிகளின் தோற்றம் குறித்துக் கட்டுரை படித்தார். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடவிடாத சாதியை, அயல்நாட்டு அறிஞர்களின் நடுவே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து வைத்தார். பொருளாதாரத்தை மட்டும் படித்திருந்தால் அக்கட்டுரை பிறந்திருக்குமா என்பது ஐயமே.

பணம் எப்போதும் இழுபறிதான். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வீட்டிற்கும் அனுப்ப வேண்டியிருந்தது. உணவைக் குறைத்துக்கொண்டார்; பழைய புத்தகக் கடைகளில் மட்டும் கை தாராளமாயிற்று. அங்கிருந்த காலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களைச் சேர்த்துவிட்டாராம்!

1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்திற்கோ, ஆய்வை அச்சிட்டுப் படிகள் அளிக்க வேண்டும் என்பது அங்கிருந்த விதி. மாகாண நிதி பற்றிய அவரது நூல் 1925-இல், செலிக்மனின் முன்னுரையோடு, இலண்டனில் வெளியாயிற்று. 1927-இல்தான் பட்டம் கைக்கு வந்தது. 1952 ஜூன் 5-இல் அதே பல்கலைக்கழகம் அவரை அழைத்துச் சட்டத்துறை மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று.