டிரில் வகுப்பை மாற்றியவர்

குட்டீஸ், பி.டி. பீரியட் என்றதும் துள்ளிக் குதித்து மைதானத்துக்கு ஓடுகிறீர்கள் அல்லவா? அந்த வகுப்பு நம் ஊருக்கு வரப் பாடுபட்ட ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா? அவர் பெயர் ஹாரி குரோ பக்.

1884-ம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார் பக். ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் உடற்கல்வி படித்தார். அந்தக் கல்லூரிக்கு ஒரு பெருமை உண்டு. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் மாட்டி, கூடைப்பந்தை உருவாக்கியது அங்கேதான்!

1919-ல் பக் சென்னைக்கு வந்தார். அப்போது பள்ளிகளில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் டிரில்தான். ஓய்வுபெற்ற ராணுவ வீரர்கள் கட்டளையிட, மாணவர்கள் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்குவார்கள். பிள்ளைகள் மகிழ்ச்சியாக விளையாடி வளர வேண்டும் என்று பக் நினைத்தார். ஆனால், எல்லாப் பள்ளிகளுக்கும் அவர் ஒருவரே போக முடியுமா? அதனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர முடிவு செய்தார். 1920-ல் சில மாணவர்களோடு ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அதுதான் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் போய், பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து, கைப்பந்து எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகவும் பக் சென்றார். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாகவும் உழைத்தார்.

பெண்கள் மைதானத்துக்கு வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. 1940-ல் பெண்களுக்கும் அந்தக் கல்லூரியின் கதவு திறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1943-ல், பக் மறைந்தார்.

அதன் பிறகு பெண்கள் கூடைப்பந்து எவ்வளவு வளர்ந்தது தெரியுமா? ஐரோப்பாவில் 1958-59 சீசனில் பெண்கள் கிளப் அணிகளுக்கென்றே தனிக் கோப்பைப் போட்டி தொடங்கியது. லாட்வியா நாட்டின் ரிகா நகர அணி அந்தக் கோப்பையை 18 முறை வென்றது! நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பூந்தமல்லியில் இருந்து நந்தனம் பக்கம் போனால், பக் தொடங்கிய கல்லூரியை இன்றும் பார்க்கலாம். அதற்கு முன், நாளைக்கு உங்கள் பள்ளி மைதானத்தைக் கவனியுங்கள். பந்து பையன்களின் கையிலேயே சுற்றுகிறதா? அப்படியானால், தங்கைகளே, நீங்களும் போய்க் கேளுங்கள். தம்பிகளே, பந்தைக் கொடுங்கள்!