புலிக்குகை தந்த பல்லவன்

நெம்மேலியில் இருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் சாளுவன்குப்பம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே உருண்டையான ஒரு பாறை. அதில் ஒரு மாடம். மாடத்தைச் சுற்றி 11 தலைகள்!

மக்கள் இதைப் புலிக்குகை என்கிறார்கள். உண்மையில் அவை புலிகள் அல்ல, யாளிகள். இதைச் செய்வித்தவன் ராஜசிம்மப் பல்லவன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

யார் இந்த ராஜசிம்மன்?

வாதாபியை வென்ற மாமல்லன், இவனுடைய பாட்டனாரின் தந்தை. தந்தை பரமேசுவரவர்மன் காலத்தில் சளுக்கியரோடு கடும் போர். காஞ்சி நகரமே பகைவர் கையில் சிக்கி மீண்டது. ராஜசிம்மன் சுமார் 700-ம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தான். நாட்டில் அமைதி நிலவியது. வாள் பிடித்த கைகளுக்கு ஓய்வு. உளி பிடித்த கைகளுக்கு ஓயாத வேலை!

வளைந்த பாறை

சமமான சுவரில் செதுக்குவது ஒரு வேலை. உருண்டைப் பாறையில் செதுக்குவது வேறு வேலை. பூசணிக்காயில் ஒரு சதுரம் வெட்டிப் பாருங்கள், புரியும். எதிரே நின்று கோடு போட்டால் நடுவில் சரியாக இருக்கும். பக்கவாட்டில் போகப் போக இழுபட்டு நீளும். அடிப்பக்கம் தட்டையாக வரும்படி குடைந்தால் நடுவில் பள்ளம் ஆழமாகும். ஓரத்தில் ஆழமே இராது. எங்கும் ஒரே ஆழம் வேண்டுமானால், உளியும் வளைவோடு திரும்பிக்கொண்டே போகவேண்டும்.

இன்று இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போடுகிறது. என்ஜினீயர் திரையில் வளைந்த உருவத்தை வரைந்து, அதன்மேல் வெட்டுகிறார். பிசகினால் ஒரு பொத்தானைத் தட்டி அழித்துவிடலாம். பல்லவச் சிற்பிக்கு அந்த வசதி ஏது? உளி தவறினால் யாளியின் மூக்கு போனது போனதுதான்! ஆகவே, குகை குடையும்போது பாறையைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை எடுத்தார்கள். பாதியில் நின்றுபோன குகைகளில் அந்தச் சதுரங்களை இன்றும் காணலாம்.

மனதில் ஒரு கோவில்

கல்லை அடுக்கிக் கட்டுவதிலும் ராஜசிம்மன் மன்னன்தான். மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலும் காஞ்சி கைலாசநாதர் கோவிலும் அவன் எழுப்பியவை. கைலாசநாதர் கோவிலில் அவனுடைய பட்டப்பெயர்கள் மட்டும் சுமார் 250 இருக்கின்றன! அரசி ரங்கபதாகையும் அங்கே ஒரு சிறு கோவில் கட்டினாள்.

பெரியபுராணத்தில் வரும் காஞ்சி மன்னன் இவனே என்பார்கள். குடமுழுக்குக்கு நாள் குறித்தாயிற்று. சிவபெருமான் கனவில் வந்தார். அதே நாளில் திருநின்றவூரில் பூசலார் கட்டிய கோவிலுக்குப் போகவேண்டும், உன் விழாவைத் தள்ளி வை என்றார். மன்னன் ஓடோடிப் போனான். ஊரில் அப்படி ஒரு கோவிலே இல்லை! கையில் காசில்லாத பூசலார், கல் கல்லாக மனதுக்குள்ளேயே கட்டி முடித்திருந்தார். மன்னன் அவர் காலில் விழுந்தான்.

720-ல் ராஜசிம்மன் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பினான். சுமார் 728-ல் அவன் ஆட்சி முடிந்தது.

பிறகு சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து காஞ்சியைப் பிடித்தான். பழைய பகை! கைலாசநாதர் கோவிலுக்குள் நுழைந்தான். அங்கே குவிந்திருந்த செல்வத்தைப் பார்த்தான். ஒரு குந்துமணிப் பொன்கூட எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்து, அதைக் கன்னடத்தில் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனான்.