மலாயாவை 70 நாளில் பிடித்த யமாஷிதா: எந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலேறினார்?

ஜப்பான்காரன் காலம் என்றாலே வீட்டுப் பெரியவர்கள் சொன்ன மரவள்ளிக்கிழங்கும் சயாம் மரண ரயிலும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அந்தக் காலத்தை இந்த மண்ணில் தொடங்கி வைத்த தளபதியின் பெயர் தொமோயுகி யமாஷிதா. மலாயாவின் புலி என்று பெயர் வாங்கியவர். கோத்தா பாரு கடற்கரையில் தொடங்கிய போரை 70 நாளில் சிங்கப்பூரில் முடித்தவர். அடுத்த நான்கே ஆண்டுகளில் பிலிப்பீன்ஸில் தூக்கிலிடப்பட்டார். ஆனால், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த கொடுமைகளுக்காக அவர் தூக்கிலிடப்படவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மருத்துவர் வீட்டுப் பிள்ளை

யமாஷிதா 1885 நவம்பர் 8ஆம் தேதி, ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள கொச்சி மாநிலத்தில் பிறந்தார். தந்தை கிராமத்து மருத்துவர். மகன் இராணுவத்துக்குப் போனார். 1905இல் இராணுவப் பயிற்சிக் கல்லூரியில் தேறினார். 1916இல் போர்க் கல்லூரிப் படிப்பையும் முடித்தார். பிறகு ஐரோப்பாவில் பெர்ன், வியன்னா நகரங்களில் பணியாற்றினார். பருத்த உடலும் இறுகிய முகமுமாக, எளிதில் உணர்ச்சியை வெளிக்காட்டாத மனிதர் அவர்.

1936 பிப்ரவரி 26ஆம் தேதி, இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் தோக்கியோவில் கலகம் செய்து முக்கியத் தலைவர்களைக் கொன்றார்கள். அவர்கள்மீது யமாஷிதா பரிவு காட்டினார். அதனால் பேரரசரின் நல்லெண்ணத்தை இழந்து கொரியாவுக்கு அனுப்பப்பட்டார். இராணுவத்தில் அவருக்கு எதிரணியில் இருந்தவர் ஹிடேக்கி தோஜோ. 1941 அக்டோபரில் பிரதமரானவரும் அவர்தான். இந்தப் பகை யமாஷிதாவை நெடுநாள் துரத்தியது.

1940 இறுதியில் ஜெர்மனிக்குச் சென்ற இராணுவக் குழுவுக்கு யமாஷிதா தலைமை தாங்கினார். ஹிட்லரையும் சந்தித்தார். ஜப்பானியப் படை நவீனமாக வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பினார். 1941 நவம்பரில் மலாயாவைப் பிடிக்கும் 25ஆம் படை அவர் கையில் கொடுக்கப்பட்டது.

பால்மரக் காடுகளுக்கு நடுவே ஒரு போர்

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய நேரம். கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினார்கள். பெர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே இங்கே போர் தொடங்கிவிட்டது. கடற்கரையைக் காத்து நின்ற டோக்ரா இந்தியச் சிப்பாய்கள் கடுமையாகச் சண்டையிட்டார்கள். அதே வேளையில் பட்டாணியிலும் சிங்கோராவிலும் வேறு படைகள் இறங்கின. யமாஷிதா சிங்கோராவில் இறங்கினார்.

பிரிட்டிஷாரின் நம்பிக்கையெல்லாம் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தின் மேல் இருந்தது. ஆபத்து என்றால் கப்பல்கள் வந்து காக்கும் என்பது அவர்கள் திட்டம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் வந்தன. டிசம்பர் 10ஆம் தேதி, குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அவ்விரண்டையும் மூழ்கடித்தன. 840 மாலுமிகள் மாண்டார்கள். போர் தொடங்கி மூன்றே நாளில் கடல் ஜப்பானியர் வசமானது.

தரையிலும் அதே கதைதான். ஜப்பானியரிடம் டாங்கிகள் இருந்தன. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. கெடாவின் ஜித்ரா அரண் இரண்டு நாளில் விழுந்தது. பினாங்கு மீது குண்டு விழுந்ததும் அங்கிருந்த வெள்ளையர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, உள்ளூர் மக்களை அப்படியே விட்டுப் போனார்கள். துரைமார்களை நம்பிய மக்களின் மனத்தில் அது ஆறாத வடுவானது.

யமாஷிதாவின் உத்தி எளிமையானது. எதிரிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கக்கூடாது. சாலையில் தடுத்தால் பால்மரக் காட்டுக்குள் புகுந்து பின்பக்கம் வர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் படகில் கடலோரமாகச் சுற்றி வர வேண்டும். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சைக்கிளில் வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மோடு ஓட்டினார்கள். பாலத்தைத் தகர்த்தால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள்.

அவர்களை உண்மையிலேயே தடுத்து நிறுத்திய இடம் கம்பார். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, குன்றுகளில் நிலைகொண்ட பிரிட்டிஷ், பஞ்சாப் படையினர் அசையவில்லை. ஆனால், ஜப்பானியர் கடல் வழியாகத் தெற்கே இறங்கியதால் அவர்கள் பின்வாங்க வேண்டியதாயிற்று.

ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் திருப்புமுனை வந்தது. விடிவதற்கு முன்பே டாங்கிகள் சாலையில் பாய்ந்து வந்தன. தடுப்பு இருந்த இடங்களில், கைவிடப்பட்டிருந்த பழைய வளைவுச் சாலைகளில் புகுந்து முன்னேறின. சில மணி நேரத்துக்குள் இரண்டு இந்தியப் படைப்பிரிவுகள் சிதறிப்போயின. ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. கெமாஸிலும் மூவாரிலும் ஆஸ்திரேலியர்களும் இந்தியர்களும் எதிர்த்து நின்றார்கள். பின்வாங்கும்போது பாரிட் சூலோங்கில் விட்டுச் செல்லப்பட்ட காயம்பட்ட வீரர்களை ஜப்பானிய ஏகாதிபத்தியக் காவல் படையினர் கொன்று எரித்தார்கள். இறந்தவர்களில் ஆஸ்திரேலியர்களோடு இந்தியர்களும் இருந்தார்கள்.

துணிச்சலான ஒரு பாவனை

ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குள் போய், ஜொகூர் பாலத்தை வெடிவைத்துப் பிளந்தது. யமாஷிதா ஜொகூர் சுல்தானின் புக்கிட் செரின் அரண்மனைக் கோபுரத்தில் அமர்ந்து எதிர்க்கரையை நோட்டம் விட்டார். சுல்தானின் அரண்மனையைப் பிரிட்டிஷார் சுடமாட்டார்கள் என்று அவர் போட்ட கணக்கு தப்பவில்லை. கிழக்கே புலாவ் உபின் பக்கம் போக்குக் காட்டிவிட்டு, பிப்ரவரி 8ஆம் தேதி இரவு வடமேற்குக் கரையில் இறங்கினார்.

அப்போது அவரிடம் இருந்த போர்வீரர்கள் சுமார் 30,000 பேர். எதிரே அதைவிட மூன்று மடங்கு. பீரங்கிக் குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன. தெருச்சண்டை நீண்டால் தோல்வி நிச்சயம் என்பது அவருக்குத் தெரியும். கையிருப்பு குறைவது வெளியே தெரியாதபடி, நிறைய இருப்பது போலவே தாக்குதலைத் தொடரச் செய்தார்.

மறுபக்கம் தளபதி பெர்சிவலுக்கு இது தெரியவில்லை. நகருக்குள் மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். குண்டுவீச்சில் குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாகியது. பிப்ரவரி 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டின் முதல் நாள், பெர்சிவல் வெள்ளைக் கொடியோடு புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்கு நடந்து வந்தார். யமாஷிதா பேச்சை நீட்ட விடவில்லை. சரணடைகிறீர்களா இல்லையா என்ற ஒரே கேள்வியில் நின்றார். அது பலம் தந்த மிடுக்கு என்று பெர்சிவல் நினைத்தார். எண்ணிக்கையில் தாம் குறைவு என்பது எதிரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சமே உள்ளுக்குள் இருந்தது என்று பின்னர் தெரியவந்தது. அந்தத் தொழிற்சாலை இன்று அரும்பொருளகம். போய்ப் பார்க்கலாம்.

வெற்றிக்குப் பிறகு

சரணடைந்த சில நாட்களிலேயே சிங்கப்பூரில் சீனர்களைக் களையெடுக்கும் வேலை தொடங்கியது. சூக் சிங் என்று அதைச் சொல்வார்கள். ஆண்களை வரிசையில் நிறுத்தி, சந்தேகப்பட்டவர்களை லாரியில் ஏற்றிக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்கள் சுமார் 5,000 பேர் என்று ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது. சீன சமூகம் சொல்லும் எண்ணிக்கை அதைப்போல் பல மடங்கு. உத்தரவு யமாஷிதாவின் தலைமையகத்திலிருந்து வந்தது. திட்டம் வகுத்தவர்களில் முக்கியமானவர் அவருடைய அதிகாரி மசனோபு சுஜி. பிறகு மலாயா, சிங்கப்பூர் சீனர்கள் 50 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்ற நெருக்குதலும் வந்தது.

1942 ஜூலையில் யமாஷிதா மஞ்சூரியாவுக்கு மாற்றப்பட்டார். வெற்றி வீரராகத் தோக்கியோவில் கால்வைக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தோஜோவின் பொறாமையே காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1943இல் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனபோது அவர் இந்த நாட்டில் இல்லை. ஆனால், ரப்பர் ஏற்றுமதி நின்று, வேலையும் சம்பளமும் போய், தோட்ட மக்கள் கேட்பாரற்று நின்ற நிலை அவருடைய வெற்றியோடு வந்ததுதான்.

மணிலாவில் வந்த தீர்ப்பு

1944 அக்டோபரில், ஜப்பான் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், யமாஷிதாவைப் பிலிப்பீன்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் வந்த சில நாட்களில் அமெரிக்கர்கள் லெய்த்தே தீவில் இறங்கினார்கள். மணிலா நகரில் போரிட வேண்டாம் என்று முடிவு செய்து, அவர் தம் படையோடு வடக்கு மலைகளுக்குப் போனார். ஆனால், இவபுச்சி என்ற கடற்படைத் தளபதியின் ஆட்கள் நகரிலேயே நின்றார்கள். 1945 பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த அந்தச் சண்டையில் ஏறக்குறைய 100,000 பொதுமக்கள் மடிந்தார்கள். பலர் ஜப்பானியப் படையினர் கையால் கொல்லப்பட்டவர்கள்.

ஜப்பான் பணிந்த பிறகு, 1945 செப்டம்பர் 3ஆம் தேதி பாகியோவில் யமாஷிதா சரணடைந்தார். அந்த மேசையில் சாட்சியாக அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் பெர்சிவல். புக்கிட் தீமாவில் தலைகுனிந்தவர், மூன்றரை ஆண்டுகள் சிறைமுகாமில் இருந்துவிட்டு வந்திருந்தார்.

அக்டோபர் 29ஆம் தேதி மணிலாவில் இராணுவ நீதிமன்றம் கூடியது. ஐந்து அமெரிக்க ஜெனரல்கள் நீதிபதிகள். அவர்களில் ஒருவரும் வழக்கறிஞர் அல்லர். 286 பேர் சாட்சி சொன்னார்கள். கொல்லச் சொல்லி யமாஷிதா உத்தரவிட்டார் என்பதல்ல குற்றச்சாட்டு. தமக்குக் கீழ் இருந்தவர்களைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்பதே. தொடர்பு அறுந்த மலையில் இருந்தேன், கடற்படை என் பிடியில் இல்லை, எனக்குத் தெரியாது என்பது அவர் வாதம். டிசம்பர் 7ஆம் தேதி தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஆனால், மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரு நீதிபதிகள் இது நியாயமான விசாரணை அல்ல என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார்கள். 1946 பிப்ரவரி 23ஆம் தேதி, லாஸ் பான்யோஸில், 60ஆம் வயதில் யமாஷிதா தூக்கிலிடப்பட்டார்.

அந்த வழக்கு பிலிப்பீன்ஸில் நடந்தவற்றைப் பற்றியது மட்டுமே. சூக் சிங் வழக்கு 1947இல் சிங்கப்பூரில் நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதில் இருவருக்குத் தூக்கு கிடைத்தது. பாரிட் சூலோங்குக்காகக் காவல் படைத் தளபதி நிஷிமுராவை 1951இல் ஆஸ்திரேலியர்கள் தூக்கிலிட்டார்கள். சுஜியோ தப்பியோடி, பிறகு ஜப்பானில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். மணிலாவில் பாதிக்கப்பட்டவர்கள் யமாஷிதாவின் முன் நின்று சாட்சி சொன்னார்கள். நம் மண்ணில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பே கிட்டவில்லை.

ஒரு படைத்தலைவர், தம் ஆட்கள் செய்யும் கொடுமையைத் தடுக்கத் தவறினால் அவரும் பதில் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் எழுந்த இந்தக் கொள்கை இன்று அனைத்துலகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. விசாரணையில் குறை இருந்ததா என்று சட்ட அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

அந்த நாட்களைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. உங்கள் தோட்டத்தில், உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் பெயர், ஊர், தோட்டம் எதுவானாலும் எழுதி வையுங்கள். நீதிமன்றம் ஏறாத அந்தச் சாட்சியத்தைக் காப்பாற்ற நமக்கு மிஞ்சியிருக்கும் காலம் குறைவு.